61-ஆம் அத்தியாயத்தை வாசித்தபோது

அலமாரியிலிருந்து இரண்டு டி-ஷர்ட்டை எடுத்து மேசை மேல போட்டேன். ஒன்றின் லேபிளில் 60% பருத்தி, 40% பாலியஸ்டர். இன்னொன்றில் 50-50. கையில தொட்டுப் பார்த்தா எனக்கு வித்தியாசம் தெரியல. ஆனால் இவை அமெரிக்கத் துறைமுகத்தில் போய் இறங்கினால் முதலாவதுக்கு 16.5% சுங்க வரி, இரண்டாவதுக்கு 32%. இது அடிப்படை வரி மட்டும்தான். அவ்வப்போது அறிவிக்கப்படும் கூடுதல் வரிகள் இதற்கு மேல்.

காரணம் ஒரு சின்ன விதி. கலப்புத் துணியில் எடையில் எந்த இழை அதிகமோ, உடை முழுவதும் அந்த இழையால் ஆனதாகவே கணக்கு. இரண்டும் சமமாக இருந்தால்? பட்டியலில் எது கடைசியில் வருகிறதோ அது. பருத்தி 52-ஆம் அத்தியாயம். செயற்கை இழைகள் 54, 55. ஆக 50-50 என்றால் பாலியஸ்டர் ஜெயிச்சிடும். அதில் ஒரு சதவீதம் பருத்தியைக் கூட்டினால் வரி பாதியாகிவிடும். மூணு டாலர் டி-ஷர்ட்டுக்கு 96 சென்ட் எங்கே, ஐம்பது சென்ட் எங்கே!

இந்த வகைப்பாடு 1988 முதல் நடப்பில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் உள்ள உலக சுங்க அமைப்பு இதைப் பராமரிக்கிறது. பின்னலாடை 61-ஆம் அத்தியாயம். தறித்துணியில் தைத்தது 62. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது. எத்தனை சதவீதம் வரி என்பது அந்தந்த நாட்டின் முடிவு.

ஒரு பிரதியாகப் பார்த்தால் 61-ஆம் அத்தியாயத்தின் குறிப்புகள் எனக்குப் பிடிக்கும். நாகரிகம், அழகு, நோக்கம் என்று அலையாமல் அளக்கக்கூடியதையே கேட்கின்றன. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துணியில் கண்ணியை எண்ணு; ஒரு சென்டிமீட்டருக்கு சராசரி பத்துக்குக் குறைந்தால் அது 6105, 6106 தலைப்புகளின் ‘ஷர்ட்’ இல்லை. உயரம் 86 சென்டிமீட்டருக்கு மேற்படாத குழந்தைக்கானது என்றால் அது கைக்குழந்தை உடை. முன்பக்கம் இடது வலதின் மேல் மூடினால் ஆண் உடை, வலது இடதின் மேல் மூடினால் பெண் உடை. எதுவென்றே தெரியாவிட்டால் பெண் உடை. கடைசி விதி கொஞ்சம் சிரிப்பு வரவைக்கும். ஆனாலும் சென்னையிலும் ராட்டர்டாமிலும் இரண்டு அதிகாரிகள் ஒரே விடைக்கு வரணும்னா இப்படித்தான் எழுத வேண்டும்.

என் சண்டை தலைப்புகளோடு அல்ல, அவற்றின் மேல் அமெரிக்கா ஒட்டிய எண்களோடு.

பெண்களுக்கான பருத்திப் பின்னல் பிளவுஸ் 6106-இல் 19.7%. அதிலேயே இடுப்புக்குக் கீழே ஒரு பாக்கெட் வைத்தால் அந்தத் தலைப்பிலிருந்து விலகி 6110-க்குப் போகும், அங்கே 16.5%. அடியில் ரிப் பட்டி வைத்தாலும் அப்படியே. இது மோசடி இல்லை, சட்டப்படி சரிதான். ஆனால் அந்தப் பாக்கெட்டை யார் கேட்டார்? உடுத்துகிறவர் இல்லை, வரி அட்டவணை.

இதைவிட உறுத்துவது 6110-க்கு உள்ளேயே இருக்கிறது. காஷ்மியர் ஸ்வெட்டருக்கு 4%. பாலியஸ்டர், அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு 32%. கணக்குப் போட்டுப் பாருங்க. அறுபது டாலர் காஷ்மியருக்கு வரி 2 டாலர் 40 சென்ட். எட்டு டாலர் பாலியஸ்டருக்கு 2 டாலர் 56 சென்ட். மலிவான உடை வாங்குகிறவர், சதவீதத்தில் மட்டுமல்ல, காசாகவே அதிகம் கட்டுகிறார். கடையில் விலைச்சீட்டில் இது தனியாகத் தெரிவதும் இல்லை.

“உள்நாட்டுத் தொழிலைக் காக்கத்தானே வரி” என்று கேட்கலாம். சரி, அது 4-ஐ விளக்குகிறது: காஷ்மியர் ஆடுகள் பெரும்பாலும் சீனாவிலும் மங்கோலியாவிலும், அமெரிக்காவில் காக்க ஒன்றுமில்லை. ஆனால் 32-ஐ அது நியாயப்படுத்துமா? அமெரிக்கர் உடுத்துவதில் மிகப் பெரும்பங்கு இறக்குமதி. ஜவுளிக் கோட்டா முறையே 2005 தொடக்கத்தில் முடிந்துவிட்டது. தையல் ஆலை போய்விட்டது, வரி மட்டும் நிற்கிறது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இதே தலைப்புகளையும் இதே குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, 61-ஆம் அத்தியாயத்தில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே 12% என்று வைத்திருக்கிறது. பருத்தி டி-ஷர்ட்டும் 12, பாலியஸ்டரும் 12. அங்கே ஒரு சதவீதப் பருத்திக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

திருப்பூரில் காஸ்டிங் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் பழைய கதை. பருத்தியிலேயே வளர்ந்த ஊரிடம் இன்று ‘செயற்கை இழைக்கு மாறுங்கள், உலகச் சந்தை அங்கேதான்’ என்கிறார்கள். மாறச் சொல்கிறவர்கள், அமெரிக்க வாசலில் அந்த இழைக்கு இரட்டிப்பு வரி காத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.