ஓட்டு வீடா, கான்கிரீட் வீடா: பர்லியாரில் வரிக்கு வீட்டின் விலை தெரியுமா?

வீட்டு வரியை வீட்டின் விலையால் வகுத்து ஊர்வாரியாக அட்டவணை போடுவது அமெரிக்காவில் வருஷா வருஷம் நடக்கிறது. நியூ ஜெர்சியில் விலையில் 2 சதவீதத்தை ஒட்டி வரும், ஹவாயில் அரை சதவீதத்துக்கும் கீழே. அந்த அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தியாவில் வீட்டு வரி ரொம்பக் கம்மி, ஏத்தணும்" என்று வாதம் செய்பவர்கள் இங்கே நிறைய. முழுக்கத் தப்பும் இல்லை. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை செயற்கைக்கோள் படங்களை வைத்து பெங்களூரையும் ஜெய்ப்பூரையும் ஆராய்ந்தது. கிடைக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதம்தான் வசூலாகிறது என்று சொன்னது.

பெருநகரத்துக்கு இது சரி. இதே வகுத்தல் கணக்கை எங்க மலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது என்று பார்த்ததில் எழுதியதுதான் இந்தக் குறிப்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பெரிய அநியாயம் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இல்லை. ஒரே ஊருக்குள், ரெண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கிறது. ஊர்வாரி சராசரி அதைத்தான் மறைக்கிறது.

முதலில் மேல் எண், அதாவது வரி. பர்லியார் கிராம ஊராட்சி. மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப்பாதையில் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது. இதே ரோட்டில் மேலே போனால் குன்னூர் நகராட்சி. அதை ஒட்டி வெலிங்டன், அது ராணுவக் கன்டோன்மென்ட் போர்டு. பக்கத்தில் உலிக்கல், ஜெகதளா பேரூராட்சிகள். ஒரே தாலுகாவுக்குள் வரி போடுகிற அமைப்புகள் நாலு வகை.

நகராட்சியிலும் பேரூராட்சியிலும் வரிக்கு அடிப்படை ஆண்டு வாடகை மதிப்பு. எந்த மண்டலம், எத்தனை சதுர அடி, கட்டி எத்தனை வருஷம், சொந்தக் குடியிருப்பா வாடகையா என்று பார்த்து அரையாண்டுக்கு ஒரு தடவை வரி. கிராம ஊராட்சியில் கணக்கு இன்னும் எளிசு: கூரை வீடா, ஓட்டு வீடா, கான்கிரீட் வீடா, தரைப்பரப்பு எவ்வளவு. வருஷத்துக்கு ஒரு தடவை. அதோடு ரெண்டு இடத்திலும் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி.

இந்த வகைப்பாடு சமவெளி ஊரை மனசில் வைத்துப் போட்டது. அங்கே ஓடு என்றால் ஏழை வீடு, கான்கிரீட் என்றால் வசதியான வீடு. நீலகிரியில் இது தலைகீழாகப் போகலாம். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா பெரும்பாலும் ஓடு, இல்லாவிட்டால் தகரம். அரசுத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த ரெண்டு ரூம் வீடு கான்கிரீட். சதுர அடிக்கு எந்த வீடு மேல் வகுப்பு என்று விதியைக் கேட்டால், ரெண்டு ரூம் வீட்டைத்தான் காட்டும்.

நகராட்சி மட்டும் விலையைப் பார்க்கிறதா? 2022 சொத்து வரி உயர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும், சென்னையில் 1998க்குப் பிறகும் நிலைத்த முதல் பொது உயர்வு அது. நடுவில் 2018இல் போட்டதை 2019இல் நிறுத்தி வைத்தார்கள். குன்னூர் மாதிரி நகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. யாருக்கு எவ்வளவு ஏறும் என்பதை இங்கேயும் சதுர அடிதான் முடிவு செய்தது.

இப்போ ஒரு கணக்கு. கற்பனை எண்கள்தான், விகிதம் புரிவதற்காக. பர்லியாரில் 1000 சதுர அடியில் ரெண்டு கான்கிரீட் வீடு. ரெண்டுக்கும் வருஷ வரி 1000 ரூபாய் என்று வையுங்கள். ஒன்று சரிவில், வண்டி போகாத இடத்தில், மழைக்காலத்தில் மண் சரியுமோ என்ற பயத்தோடு இருக்கிற வீடு. விலை 20 லட்சம். இன்னொன்று ரோட்டுப் பக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, சுற்றிலும் பாக்கு, பலா மரங்களோடு. விலை 1 கோடி. முதல் வீட்டுக்கு வரி விலையில் 0.05 சதவீதம், ரெண்டாவதுக்கு 0.01. விலை கம்மியான வீட்டுக்கு அஞ்சு மடங்கு பாரம். சராசரி போட்டு "பர்லியாரில் 0.03" என்று அட்டவணையில் எழுதினால் இந்த அஞ்சு மடங்கு காணாமல் போகிறது.

அடுத்து கீழ் எண், அதாவது விலை. எந்த விலை? சந்தை விலை எந்தப் பதிவேட்டிலும் முழுசாக இல்லை. அரசிடம் இருப்பது பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு. 2012இல் திருத்தினார்கள். 2017 ஜூனில் ஒரே நாளில் 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் 2012 மதிப்புக்கே திரும்பி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். நிலத்தின் மதிப்பு இப்படி மேலும் கீழும் குதிக்காது, கொள்கைதான் குதித்தது. வீட்டு வரியை நேராக இந்த எண்ணோடு கட்டிவிட்டால் 2017 மாதிரி ஒரு உத்தரவில் ஊராட்சி வருமானத்தில் மூணில் ஒரு பங்கு போய்விடும். ஒரே வேரியபிளில் ரெண்டு புரோகிராம் கை வைத்தால் என்ன நடக்கும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. வீட்டை விற்கும்போது அரசுக்கு மதிப்பு நன்றாகவே கண்ணுக்குத் தெரிகிறது: முத்திரைத் தீர்வை, கூடுதல் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம். அதில் கூடுதல் தீர்வை உள்ளாட்சிக்குப் போகிறது. விற்காமல் முப்பது வருஷம் வைத்திருந்தால், அந்த முப்பது வருஷமும் மதிப்பு யார் கண்ணிலும் படாது.

"அப்போ இங்கிலாந்து மாதிரி விலைப்படி போட வேண்டியதுதானே" என்பீர்கள். அங்கே வீட்டு வரிப் படிநிலை இன்னும் 1991 ஏப்ரல் விலையில்தான் நிற்கிறது. கலிபோர்னியாவில் 1978 வாக்கெடுப்புக்குப் பிறகு, வீடு கைமாறும் வரை வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் பழைய ஆள் ஒரு வரி, புதுசாக வந்தவர் பல மடங்கு வரி. விலையைப் பதிவேட்டில் ஏற்றினால் மட்டும் போதாது, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கணும்.

விலையே இல்லாத வீடுகளும் உண்டு. எஸ்டேட் லைன் வீடு, நிர்வாகம் தொழிலாளருக்குக் கொடுப்பது. குடியிருப்பவர் விற்க முடியாது. 2006 வன உரிமைச் சட்டத்தில் பழங்குடிகளுக்குக் கிடைக்கும் நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. இவற்றைச் சந்தை விலையால் வகுத்தால், பூஜ்யத்தால் வகுத்த மாதிரி.

அமெரிக்க அட்டவணைக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கேதான் வருகிறது. பட்டா இல்லாத குடும்பத்துக்கு வீட்டு வரி ரசீது ஒரு ஆவணம். கரண்ட் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு, முகவரிச் சான்று என்று எதற்குப் போனாலும் "வீட்டு வரி ரசீது இருக்கா?" என்பதுதான் கேள்வி. சட்டப்படி அது உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் அந்த வீட்டில் இன்னார் இருக்கிறார் என்பதற்கு அவர் கையில் இருக்கிற ஒரே காகிதம் பல நேரம் அதுதான். அவர் கட்டுவது வரி மட்டுமில்லை, தான் இருக்கிறோம் என்பதற்கான அத்தாட்சிக்கும் சேர்த்துத்தான். "கம்மியாக வருகிறது, ஏத்து" என்று ஒரே கோடாகப் போட்டால் முதலில் அடிபடுவது இந்த ரசீது.

அதனால் நான் சொல்வது ரெண்டு வேலையைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது. விற்க முடியாத வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் நிலையான சிறு தொகை, ரசீது தடையில்லாமல். விற்கக்கூடிய, தங்கும் விடுதியாக ஓடுகிற, பெரிய வீட்டுக்கு இடத்தின் மதிப்பையும் சேர்த்து வரி. அந்த மதிப்பைப் பதிவுத்துறை உத்தரவோடு நேராகக் கட்டாமல், சில வருஷத்துக்கு ஒரு தடவை தேதி குறித்துத் திருத்தணும். கூரை எதனால் ஆனது என்ற கேள்வியை மலை ஊராட்சிகளிலாவது எடுத்துவிடலாம்.

பர்லியார் மாதிரி ஊராட்சிக்குக் குடிநீரும் தெருவிளக்கும் குப்பையும் சரிவான நிலத்தில் செய்ய வேண்டிய வேலை. வரி கூடத்தான் வேணும். அதை யார் வீட்டிலிருந்து கூட்டுவது என்பதை ஊர்ச் சராசரியை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் விமர்சனம்.