நின்றால் பயம் என்று யார் சொன்னது?

எதிரணியின் பாஸைக் குறுக்கே பாய்ந்து தட்டியாயிற்று. பந்து கையில். பாதிக் கோட்டையும் தாண்டியாயிற்று. முன்னால் நிற்பது இரண்டே பேர். இடப்பக்க ஓரத்தில் நம் ஆள் கையைத் தூக்கியபடி ஓடுகிறார். கேலரியின் இரும்புப் படிகள் அதிர்கின்றன: "ஏறு, ஏறு, உள்ள போ!" பந்தை வைத்திருக்கும் நம் கார்டோ த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே வந்து நின்றுவிடுகிறார். வலது கை பந்தை முழங்காலுக்கு மேல் எழவிடாமல் தட்டிக்கொண்டிருக்க, இடது உள்ளங்கை கவிழ்ந்து இரண்டு முறை கீழே தாழ்கிறது. பொறுங்கள் என்று அர்த்தம். மேல் படியிலிருந்து தீர்ப்பு வந்துவிடுகிறது: "பயந்துக்கிச்சு புள்ள." சுற்றிலும் நாலு பேர் தலையாட்டுகிறார்கள்.

பயமா? வருடக்கணக்கில் கூடைப்பந்து பார்ப்பவர்கள்கூட இப்படிப் பேசுவதைக் கேட்டால் எரிச்சலாக வருகிறது. அந்த ஆட்டக்காரரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கோடைச் சுற்றை விடாமல் பார்ப்பவர்களுக்குச் சொல்லவும் தேவையில்லை. எந்த அணி என்பதும் வேண்டாம். நான் அந்த அணியின் பக்கம் என்பது தெரிந்தால் போதும். நடுநிலை விமர்சனம் வேண்டுபவர்களுக்கு வேறு பத்திகள் இருக்கின்றன.

நம் பக்கத்திலிருந்து ஒரு மகளிர் கூடைப்பந்து அணியைப் பின்தொடர்வதே தனி உழைப்பு. வாரம் தவறாமல் சொந்த ஊர் மைதானத்தில் ஆட்டம், சட்டை விற்பனை, டிவியில் மறு ஒளிபரப்பு எல்லாம் இங்கே கிடையாது. ரயில்வே, மின்வாரியம், காவல்துறை என்று ஏதாவது ஒரு சம்பளப் பட்டியலில் பெயர் ஏறினால்தான் ஒரு பெண் முப்பது வயதைத் தாண்டியும் பந்தை விடாமல் இருக்க முடியும். தொழில்முறை ஆட்டம் என்றால் நமக்கு அதுதான். அப்படிப்பட்ட அணிகள் கோடையில் தெற்கே வருகின்றன. கரூரில் கரூர் வைசியா வங்கி சுழற்கோப்பை, கோவையில் சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை என்று நம் சீசன் நகர்கிறது. நாமக்கல், மோகனூர், பரமத்தி வேலூர்க்காரர்களுக்குக் கரூர் காவிரியின் அக்கரைதான். சேலத்துக்காரர்களுக்கு 2013இல் திறந்த ரயில் பாதை இருக்கிறது. அவர்கள் கட்டிக்கொண்டு வரும் தட்டுவடை செட்டு முதல் ஆட்டம் முடிவதற்குள் நமுத்துப்போய்விடும். அதையும் தின்றுகொண்டேதான் பேச்சு. கடைசி ஆட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதும் அதே புகார்: "அந்தப் புள்ள ஏனுங் ஓடவே மாட்டேங்குது?"

அடுத்த முறை பந்தைப் பார்க்காதீர்கள். அவர் மோவாயைப் பாருங்கள். நிற்பதற்கு ஒரு நொடி முன்பே அது வலது தோளுக்கு மேல் திரும்பிவிடும். அவர் தேடுவது நம் சென்டரை. அந்த உயரக்காரர் அந்த நேரம் நம் ரிங்கின் அடியில் முட்டி மோதிவிட்டு அப்போதுதான் ஓடத் தொடங்கியிருப்பார். கோர்ட்டின் நீளம் 28 மீட்டர். மறுமுனைக்கு வந்து சேர அவருக்கு நாலைந்து நொடி ஆகும். நாலாவது குவார்ட்டரில் இன்னும் கூடும். சென்டர் பாதிக் கோட்டைத் தாண்டியிருந்தால் நம் கார்டு உள்ளே பாய்கிறார். தாண்டவில்லை என்றால் நிற்கிறார். முன்னால் எத்தனை பேர் தடுக்கிறார்கள் என்று கேலரி எண்ணுகிறது. பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவர் எண்ணுகிறார்.

ஓடிப்போய் அடிக்கும் லே-அப் எல்லாம் விழுந்துவிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் எதிராளியின் காலடிச் சத்தம் கேட்கிறது, மூச்சு வாங்குகிறது, வேகத்தில் பந்து போர்டில் ஒரு விரற்கடை தள்ளிப் படுகிறது. அது ரிங்கைச் சுற்றி வெளியே வந்தால் அடியில் யார் இருக்கிறார்கள்? நம் ஆள் ஒருவரும் இல்லை. எதிரணி ரீபவுண்டை எடுத்து ஒரே நீளப் பாஸில் மறுபக்கம் தள்ளும். பாதித் தூரம் ஓடி வந்த சென்டர் அப்படியே திரும்பி மறுபடியும் ஓட வேண்டும். பாஸ்கெட்டும் இல்லை, காலும் போயிற்று. இதுவே ஐந்து பேரும் இடத்தில் இருக்கும்போது அடித்த ஷாட் தவறினால், அடியில் சென்டர் தோளை விரித்து நிற்கிறார். அங்கே கிடைக்கும் ரீபவுண்டுக்குப் பிறகு, 2014இல் வந்த விதிமாற்றத்தின்படி, ஷாட் கிளாக்கில் 14 நொடிதான் கிடைக்கும். பழையபடி 24 கிடையாது. ஆட்கள் இடத்தில் இருந்தால் 14 நொடி தாராளம். இல்லாவிட்டால் அந்த 14 நொடியும் பதற்றத்திலேயே கழிந்துவிடும்.

அடுத்தது பெஞ்சின் கணக்கு. ஸ்கோர் ஷீட்டில் 12 பெயர் இருக்கும். நம் அணியில் நெருக்கடியில் இறக்கிவிட நம்பிக்கையானவர்கள் ஏழு பேர். பெரிய அணிகளுக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். லீக் ஆட்டங்கள் அடுத்தடுத்த இரவுகளில் வரும். பகலெல்லாம் வெயில் குடித்த தரை, விளக்கு போட்ட பிறகும் உள்ளங்காலில் சுடும். 40 நிமிடம் என்பது 2400 நொடி. இரு அணிகளும் ஒவ்வொரு முறையும் 24 நொடியையும் முழுசாக எடுத்துக்கொண்டால் அணிக்கு 50 வாய்ப்பு. ஓட்ட ஆட்டத்தில் அது எழுபதைத் தாண்டும். வாய்ப்புகள் கூடக் கூட ஆள்பலம் உள்ள அணிக்குத்தான் லாபம். குறைந்தால் சின்ன அணிக்கும் ஒரு வழி பிறக்கும். நம் கார்டு ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எதிரணியின் பெஞ்சிலிருந்து ஒருவரைக் கழித்துக்கொண்டிருக்கிறார். கோச் டைம்-அவுட்டில் சொல்லி இது நடப்பதாக நான் நினைக்கவில்லை. டைம்-அவுட்டில் மற்றவர்கள் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது நம் கார்டு சென்டரின் பக்கத்தில் போய் நின்று அவர் மூச்சு விடுவதைப் பார்க்கிறார். அடுத்த ஐந்து நிமிட ஆட்டத்தின் வேகம் அங்கேதான் முடிவாகிறது.

நாமக்கல்காரர்களுக்கு இதை நான் விளக்கவே கூடாது. தொப்பூர் கணவாயில் லோடு வண்டியை நியூட்ரலில் இறக்குபவனை எந்த முதலாளியாவது தைரியசாலி என்பாரா? கியரைக் குறைத்து இறக்குபவனிடம்தான் அடுத்த டிரிப்பும் சாவியைக் கொடுப்பார். அதே முதலாளி கேலரியில் உட்கார்ந்ததும் "அழுத்து, அழுத்து" என்று கத்துவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

எதிர்வாதத்தில் சரக்கு இல்லாமல் இல்லை. மகளிர் ஆட்டத்தில் நம் ஊர் அணிகளுக்குத் தூர ஷாட் இன்னும் உறுதிப்படவில்லை. 2010இல் த்ரீ பாயிண்ட் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குப் பின்வாங்கியபோது பள்ளிக்கூடத்துப் பெண்களின் கையில் அந்த அரை மீட்டர் பாரமாக இறங்கியது. எதிரணி ஸோன் கட்டி உள்ளே அடைத்துக்கொண்டால் பந்து வெளியே சுற்றிச் சுற்றி வந்து கடைசி நொடியில் யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எறிவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஆகவே ஸோன் அமைவதற்கு முன் ஓடி அடித்துவிடு என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் தூர ஷாட் விழாத அணிக்கு உயரம்தானே மூலதனம்? அந்த உயரம் வந்து சேர்வதற்கு முன்பே ஷாட்டை எடுத்துவிட்டால் மூலதனத்தை வீட்டில் பூட்டிவிட்டு வியாபாரத்துக்குப் போனதாக ஆகும். ஓடச் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொரு வகை விமர்சனம் உண்டு. "பொண்ணுங்க ஆட்டம் மெதுவா இருந்தா யாருங் பாப்பாங்க?" என்று அக்கறையோடு கேட்பவர்கள். இவர்களுக்குக் கொஞ்சம் பழங்கதை தேவைப்படுகிறது. 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடையை மாட்டிய சில மாதங்களில், பக்கத்து ஊரின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார். அவர் வகுத்த விதியில் கோர்ட் மூன்று கட்டம். ஒரு கட்டத்தில் நிறுத்தப்பட்ட பெண் அடுத்த கட்டத்தில் கால் வைக்கக் கூடாது. பந்தை மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூன்று முறைக்கு மேல் தட்டக் கூடாது. கோர்ட்டைப் பிரித்து ஆடும் அந்த வழக்கத்தின் மிச்சம் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரை இருந்தது. ஒலிம்பிக்கில் ஆண்களின் கூடைப்பந்து 1936இல் நுழைந்தது. பெண்களுடையது நாற்பது வருடம் கழித்து, 1976இல்.

அதனால் பெண்கள் முழுக் கோர்ட்டும் பறந்து ஓடுவதைப் பார்த்து மனசு பொங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழைய விதி ஓட்டத்தோடு சேர்த்து இன்னொன்றையும் பறித்தது: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் நேரம். மூன்று நொடி, மூன்று தட்டு, அதற்குமேல் முடிவு உன்னுடையது இல்லை. இன்று ஒரு பெண் எட்டு நொடி, பத்து நொடி பந்தைத் தட்டியபடி நாலு பேரை அவரவர் இடத்துக்கு அனுப்பி, முழு மைதானத்தின் கூச்சலையும் காதில் போட்டுக்கொள்ளாமல் நிற்கிறாரே, அதுவும் அந்தப் பழைய விதிக்கு எதிராகக் கிடைத்த வெற்றிதான். ஓட்டத்துக்குக் கைதட்டுபவர்கள் இதற்கும் தட்டலாம்.

அவர் ஓடவே மாட்டார் என்பதும் பொய். ஓடும்போது எப்படி ஓடுகிறார் என்று கவனித்தால் நிற்பதன் அர்த்தமும் பிடிபடும். மூன்று பேருக்கு இரண்டு பேர் என்று ஆள் கணக்கு ஒத்து, சென்டரும் கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தேகமே இல்லை, நேராக ரிங். இன்னொரு தருணமும் இருக்கிறது, அது இவருக்கே உரியது. நிற்கிறார், ஃபாஸ்ட் பிரேக் முடிந்தது என்று நினைத்துத் தடுப்பாளர் குதிகாலைத் தரையில் வைக்கிறார், யாரைப் பிடிப்பது என்று பின்னால் வருபவரிடம் கேட்கத் தலையைத் திருப்புகிறார். அந்தத் தலை திரும்பும் நொடியில் இவர் இடது பக்கம் இரண்டே எட்டில் உள்ளே போய்விடுகிறார். தடுப்பவர் கை தூக்குவதற்குள் பந்து போர்டில். இதைக் கேலரி "திடீர் வேகம்" என்கிறது. திடீரெல்லாம் இல்லை. முப்பது நிமிடம் நின்று நின்று எதிராளிக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்திவிட்டு, அந்தப் பழக்கத்தின் மேல் கால் வைத்து ஏறுகிறார்.

சரி, இந்தக் கோடையில் என்ன நடக்கும்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எதிரணிகள் இவரைச் சும்மா விடப்போவதில்லை. நின்று யோசிக்கும் கார்டுக்கு மருந்து முழுக் கோர்ட் பிரெஸ். பின்பகுதியிலிருந்து 8 நொடிக்குள் பந்தைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்கினால் யோசிக்க இடமிருக்காது. முதல் இரண்டு லீக் ஆட்டங்களில் டர்ன்ஓவர் குவியும். "நான் அப்பவே சொன்னேன்" கூட்டம் கிளம்பும். மூன்றாவது ஆட்டத்தில் விடை வரும்: சென்டர் ரிங்குக்கு ஓடாமல் நடு வட்டத்துக்கு வந்து கையை உயர்த்துவார்; தலைக்கு மேல் ஒரு பாஸ்; பிரெஸ் செய்த இரண்டு பேரும் தப்பான பக்கத்தில் நிற்பார்கள். அதன்பிறகு எந்த அணியும் அவர்மேல் முழு நேரமும் பிரெஸ் போடத் துணியாது.

கோச் இவரோடு வேகமான இன்னொரு கார்டைச் சேர்த்து இறக்குவார். கேலரி அந்தச் சின்னப் பெண்ணை ஒரே இரவில் தூக்கிவைத்துக் கொண்டாடும். கொண்டாடட்டும். அவருக்கு ஓட வழி கிடைப்பதே, தடுப்பாளர்களில் இரண்டு பேர் நம் கார்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதால்தான் என்பது சீசன் முடியும்போது விளங்கும்.

கொஞ்சம் தூரமாகவும் பார்க்கலாம். அமெரிக்காவில் பெண்களின் தொழில்முறை லீக் 1997இல் ஆடத் தொடங்கி இன்றுவரை நிற்கிறது. இங்கே கிரிக்கெட்டில் 2023இல் மகளிர் பிரீமியர் லீக் வந்தது. கூடைப்பந்துப் பெண்களுக்கும் நிலையான லீக் ஒன்று வரும், ஏலமும் வரும். அந்த ஏலத்தில் முப்பது நொடி வீடியோக்களுக்குத்தான் விலை ஏறும். நிற்பதை யாரும் வெட்டி ஒட்டிப் போட மாட்டார்கள். இவர் மாதிரியானவர்கள் முதல் சுற்றில் விலைபோக மாட்டார்கள். பாதி சீசனில் ஏதோ ஓர் அணி தொடர்ந்து தோற்று, மாற்று ஆளாக இவரைக் கூப்பிடும். அந்த அணி அரையிறுதிக்குப் போகும். மறு வருடம் எல்லா அணிகளும் "நிதானமான கார்டு வேண்டும்" என்று தேடி அலையும்.

அதெல்லாம் பிறகு. இந்த வருடத்துக்கு ஒன்றே ஒன்று. இறுதி ஆட்டத்தில் நம் அணி இருக்கும். கடைசி ஒரு நிமிடம், நாம் சொற்பப் புள்ளியில் முன்னிலை, எதிரணி அந்தக் குவார்ட்டரில் நாலு ஃபவுலை ஏற்கெனவே தீர்த்திருக்கும். பந்து இவர் கையில். பாதிக் கோட்டைத் தாண்டி, வழக்கம்போல நிற்பார். கிளாக் ஓடும். கேலரி "ஏறு" என்று கத்தும். வேறு வழியில்லாமல் எதிரணி ஓடி வந்து அவரைப் பிடித்து ஐந்தாவது ஃபவுல் செய்யும். இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழும். கோப்பை நமக்கு.