கெட்டியர் எழுப்பிய ஐயமும் அளவை நூல் முடிபும்

அறிவாவது யாது என்னும் வினாவிற்கு மேனாட்டு நூலார் பலர் கூறிய விடை மூன்றுறுப்புடையது. ஒருவன் ஒன்றை நம்புதல் வேண்டும். அஃது உண்மையாதல் வேண்டும். அவ்வாறு நம்புதற்குத் தக்க சான்று அவன்பால் இருத்தல் வேண்டும் என்பர். இதனையொத்த இலக்கணத்தைப் பிளேட்டோ தமது 'தியேட்டிட்டஸ்' என்னும் நூலின்கண் ஆராய்ந்து, நிரம்பாதென விடுத்தனர். எனினும் அது பின்னும் வழங்கிவந்தது. 1963-ஆம் ஆண்டில் எட்மண்ட் கெட்டியர் மூன்று பக்கங்களில் வரைந்த சிறு கட்டுரை அதன் வலியைக் குலைத்தது.

அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று வருமாறு. ஸ்மித், ஜோன்ஸ் என்னும் இருவர் ஒரு வேலையை விரும்பினர். அது ஜோன்ஸுக்கே கிடைக்குமென ஸ்மித் தலைவர் வாயிலாகக் கேட்டான். ஜோன்ஸின் பையிற் பத்து நாணயங்கள் இருத்தலையும் எண்ணியறிந்தான். ஆகவே, வேலை பெறுவான் பையில் நாணயம் பத்துள என்று துணிந்தான். முடிவில் வேலை பெற்றவன் ஸ்மித்தே. அவனறியாமல் அவன் பையிலும் பத்து நாணயங்களே இருந்தன. நம்பிக்கையும் உண்மையும் சான்றும் ஒருங்கிருந்தும், அவன் அறிந்தானென்று கூறுதற்கு நம் மனம் ஒருப்படுகின்றதில்லை.

இது புதிதன்று, நம்மவர் முன்னரே கண்டதென்று மகிழ்வாரும் உளர். 12-ஆம் நூற்றாண்டினராகிய ஸ்ரீஹர்ஷர் 'கண்டனகண்டகாத்யம்' என்னும் நூலில், பனியைப் புகையென மயங்கித் தீயுண்டெனக் கருத, ஆண்டுத் தீயும் தற்செயலாய் உண்டாதலைக் காட்டியது மெய்யே. ஆயின், அவர் அதனைக் காட்டியது அளவையிலக்கணங்களைத் தகர்த்தற்பொருட்டேயாகலின், முன்மை ஒன்றே பற்றி நாம் பெருமை கொள்ளுதல் பயனின்று. விடை கூறுதலே நம் கடன்.

கெட்டியர் தம் கட்டுரையின் தொடக்கத்தே, பொய்யான ஒன்றையும் ஒருவன் தக்க சான்றுடன் நம்புதல் கூடுமென உடன்படுகின்றனர். முழு வழக்கும் இவ்வுடன்பாட்டின்மேல் நிற்கின்றது. சிவஞானசித்தியார் கூறும் அளவையோ இத்தகையதன்று. காட்சி ஐயமும் திரிபும் நீங்கியதாதல் வேண்டும். கருதல் பொருளைவிட்டு நீங்காத ஏதுவுடையதாதல் வேண்டும். உரை குற்றமற்றதாதல் வேண்டும். ஸ்மித்தின் ஏது, ஜோன்ஸ் வேலை பெறுவானென்னும் பொய்யின்மேல் நின்றது. ஆகலின் அஃது ஏதுப்போலி, அளவையன்று. அவன் முடிபு உண்மையோடு பொருந்தியது அளவையானன்று, நேர்ச்சியான் என்க.

அற்றேல், அளவையும் அளவைப்போலியும் அறிவானுக்கு ஒரு தன்மையவாய்த் தோன்றுமாகலின், தன்னிடத்துள்ளது இன்னதென அவன் தெளிதல் யாங்ஙனம் எனின், இத்தடை வலியுடையதே. பொருளை அறிதல் வேறு, அவ்வறிவு குற்றமற்றதென அறிதல் வேறு என்று பிரித்துக் கூறலாம். கூறினும், ஆராயுங் கடன் எஞ்சிநிற்கும். உயிர் ஆணவத்தான் மறைக்கப்பட்ட சிற்றறிவுடைத்து என்னும் நம் கொள்கையும் அதனையே வற்புறுத்தும்.

இதனாற் பெறப்படுவது யாது? நம் நம்பிக்கையின் உறுதி அதன் உண்மைக்குச் சான்றாகாது. அதன் உண்மையும் அதனை நாம் அறிந்தோம் என்பதற்குச் சான்றாகாது. உயிர் நித்தம் என்பதனைத் தக்கோனல்லாதான் ஒருவன் ஊகித்துக் கூறக் கேட்டு நம்பியவன் உண்மையை நம்பினானேனும் அறிந்தவனல்லன். சைவர் தம் பிறப்பு வழக்கானே முப்பொருளுண்மையை அறிந்தேமெனக் கருதுவராயின், தற்செயலாற் சரியாயிற்ற ஸ்மித்தின் நிலைக்கு அவர் நிலை வேறாமாறில்லை. பிற சமயத்தாரை மறுத்தற்கு அளவையைக் கையாளும் நாம், நம் துணிவுகளை அவ்வளவையாற் சோதித்தற்கு அஞ்சுதல் நெறியன்று. அறிஞர் ஆராய்ந்து கொள்க.