திறப்பு யார் கையில்? – வீட்டுக் கணனியின் காவலும் உரிமையும் பற்றிய ஒரு நோக்கு

பல்கலைக்கழகத்திலும் வங்கியிலும் உள்ள கணனிகளுக்கு நிர்வாகி ஒருவர் உண்டு. எந்த மென்பொருளை நிறுவலாம், எவர் எதனைத் திறக்கலாம் என்பவற்றை அவரே தீர்மானிப்பார். ஏனையோர் பாவனையாளர் மட்டுமே. வீட்டுக் கணனியிலோ இவ்விரு பாத்திரங்களையும் ஒருவரே ஏற்கவேண்டியுள்ளது. கடிதம் எழுதுபவரும், படம் பார்ப்பவரும், முறைமையின் அடித்தளத்தையே மாற்றும் அதிகாரம் படைத்தவரும் ஒருவரே. வீட்டுக் கணனியின் பாதுகாப்புப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இம்முரண்பாட்டிலிருந்தே தோன்றுகின்றன எனலாம். அதனைத் தீர்க்க முயன்ற வடிவமைப்புகளுள், 2007 ஜனவரியில் பொதுப் பாவனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் ‘பாவனையாளர் கணக்குக் கட்டுப்பாடு’ விமரிசன நோக்கில் ஆராயத்தக்கதாகும்.

எந்த ஆக்கத்தையும் அது தோன்றிய சூழலில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் வீட்டுப் பாவனையாளர் வழக்கமாக நிர்வாகியாகவே இயங்கினர். ஆகவே, அவர் திறந்த எந்த மென்பொருளும் அவரது முழு அதிகாரத்தையும் பெற்றது. 2003 ஓகஸ்டில் பரவிய ‘பிளாஸ்டர்’ என்னும் புழுநிரல், பாவனையாளர் எதனையும் திறவாதிருக்கவே வலையமைப்பினூடாகக் கணனிகளுட் புகுந்தது. அதற்கான திருத்தம் அதற்கு முந்திய மாதமே வெளியிடப்பட்டிருந்தது. எக்ஸ்பியில் தீச்சுவரும் இருந்தது. ஆயின் திருத்தத்தைப் பலர் நிறுவவில்லை. தீச்சுவர் இயல்பாக இயங்கும் நிலையில் வைக்கப்படவில்லை. 2004 ஓகஸ்டில் வந்த இரண்டாம் சேவைப் பொதியே அதனை இயல்புநிலையாக்கியது. உள்ளமைந்த காவல் இன்றி, ‘விரும்பியோர் தம்மைக் காத்துக்கொள்க’ என விட்டுவிடுவது உரிமையை மதிப்பதாகாது. அது கைவிடுதலேயாகும் என்பது இதனாற் புலனாகும்.

விஸ்டா இக்குறையைக் களைய முற்பட்டது. நிர்வாகியாக நுழைந்தவரும் சாதாரணப் பாவனையாளரின் அதிகாரத்துடனேயே பணிபுரிந்தார். முறைமையில் மாற்றம் தேவைப்படும்போது திரை மங்கி, அவரது இசைவைக் கேட்கும் சாளரம் தோன்றியது. ஒவ்வொரு செயலும் தனக்கு வேண்டிய ஆகக்குறைந்த அதிகாரத்துடனேயே நிகழவேண்டும் என, சோல்ற்சரும் ஷ்ரோடரும் 1975இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்த கோட்பாட்டை வீட்டுக்குக் கொணர்ந்தமை இதன் சாதனையாகும்.

எனினும், காவல்முறை மனித மனத்துக்கு இயைந்ததாய் இருத்தல் வேண்டும் என்னும் கோட்பாடும் அதே கட்டுரையில் உண்டு. விஸ்டா தவறியது இங்கேதான். கடிகாரத்தின் நேர வலயத்தை மாற்றுவது விஸ்டாவில் இசைவு வேண்டாத செயலாயிற்று. ஆனால் அதன் நேரத்தை மாற்ற இசைவு வேண்டியிருந்தது. இத்தகைய சிறு செயல்களுக்கும், முறைமையையே பாழாக்கவல்ல செயல்களுக்கும் ஏறத்தாழ ஒரேவகையான வினாவே எழுந்தது. முடிவெடுக்க வேண்டிய அறிவை வழங்காமல் முடிவை மட்டும் அது வேண்டிநின்றது. நாளடைவில் கண் வாசிக்குமுன் கை அழுத்தப் பழகிவிட்டது. வழக்கமாகிவிட்ட இசைவு இசைவன்று. அது பொறுப்பை மட்டும் பாவனையாளரின் தலையிற் சுமத்தும் சடங்காகும். பாவனையாளருக்கு எரிச்சலூட்டி, அதன்மூலம் மென்பொருள் ஆக்குவோரைத் திருந்தச் செய்வதே நோக்கமென 2008இல் மைக்ரோசொப்ட் அலுவலர் ஒருவரே கூறினார். மென்பொருள்கள் பல பின்னர் திருந்தியமை உண்மையே. ஆயின் பிறர் தவற்றைத் திருத்தும் செலவைப் பாவனையாளரே செலுத்த நேர்ந்தது.

2009இல் வந்த விண்டோஸ் 7 வினாக்களைக் குறைத்து, காவலின் அளவைத் தெரிவுசெய்ய நான்கு படிநிலைகளை வழங்கியது. ஆனால் அதன் பரீட்சார்த்தப் பதிப்பில், ஒரு நிரல் பாவனையாளரைப்போல் விசைகளை இயக்கி, அவர் அறியாமலே காவலை நிறுத்திவிடக்கூடும் என்பது வெளிப்பட்டது. கண்டனங்களின் பின்னரே அது திருத்தப்பட்டது. உரிமையாளரின் பெயரால் இயங்கும் நிரலும் உரிமையாளரும் ஒரே திறப்பை வைத்திருப்பின், அத்திறப்பு உரிமையாளருடையதன்று என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம்.

இதற்கு மறுதலையான போக்கை 2015இல் வந்த விண்டோஸ் 10இற் காணலாம். வீட்டுப் பதிப்பை வைத்திருந்தோர் இற்றைப்படுத்தல்களை மறுக்கவியலாதவராயினர். இதற்கு நியாயம் இல்லாமலில்லை. 2017 மே 12இல் பரவிய ‘வனாக்ரை’ நிரலுக்கு எதிரான திருத்தம் மார்ச் 14இலேயே வெளியாகியிருந்தது. அதனை நிறுவாத கணனிகளே இலக்காயின. பிரித்தானிய மருத்துவமனைகளும் பாதிப்புற்றன. ஒருவரின் கவனயீனம் அயலாரையும் தாக்குமிடத்துக் கட்டுப்பாடு வேண்டியதே. ஆயினும், கூடிய விலை கொடுத்துத் தொழில்முறைப் பதிப்பை வாங்கியோர் இற்றைப்படுத்தல்களைப் பிற்போட அனுமதிக்கப்பட்டனர். ஆகவே வீட்டாருக்கு மறுக்கப்பட்டது ஆபத்தான உரிமையன்று. விலைக்கு விற்கப்பட்ட உரிமையே. 2019 மேயில் வந்த பதிப்பே வீட்டாரும் 35 நாள்வரை இற்றைப்படுத்தலை நிறுத்திவைக்க வழிசெய்தது.

இவ்விரு போக்குகளுக்கும் இடையில், அப்பிள் நிறுவனம் 2015இல் மக் கணனிகளில் அமைத்த முறைமை ஒருமைக் காவல் மனங்கொள்ளத்தக்கது. முறைமையின் உயிர்நிலையான கோப்புகளை அதியுயர் அதிகாரம் பெற்ற கணக்கும் மாற்றவியலாது. எனினும் உரிமையாளர் கணனியை நிறுத்தி, மீட்புநிலையில் மீளத் தொடக்கி, அக்காவலை நீக்கலாம். இயங்கிக்கொண்டிருக்கும் நிரலொன்று தானாக இதனைச் செய்துவிட இயலாது. கணனியின் முன்னமர்ந்த மனிதர் வேண்டும். பூட்டு அன்றாடப் பாதையில் உறுதியாக நிற்க, திறப்பு சற்றே தொலைவில், ஆயினும் வீட்டுக்குள்ளேயே, வைக்கப்பட்டுள்ளது.

உரிமையாளரையே ஏமாற்றி, அவர் கையாலேயே பூட்டைத் திறப்பிக்கும் வஞ்சகர் உளரே என வினவலாம். உண்மையே, எப்பூட்டும் அதனை முற்றாகத் தடுக்காது. ஆனால் மறுதொடக்கமும் இடைவெளியும் சிந்திக்க அவகாசம் தருகின்றன. விஸ்டாவின் சாளரம் தராதது அதுவே. மேலும், ஏமாறக்கூடும் என்பதற்காகத் திறப்பைப் பறிப்பதாயின், பறிப்பவர் என்றும் தவறிழைக்கார் என்பதற்கு உறுதி எங்கே? 2012இல் விண்டோஸ் 8இற்கான விதிகள், சாதாரண கணனிகளில் பாதுகாப்பான தொடக்கத்தை உரிமையாளர் நிறுத்த இடமளிக்கப் பணித்தன. ஏஆர்எம் வகைக் கருவிகளில் அதனைத் தடைசெய்தன. பூட்டு ஒன்றே, முன்னதில் அது வீட்டாரைக் காத்தது, பின்னதில் விற்றவரின் ஆதிக்கத்தையும் சேர்த்துக் காத்தது.

ஆகவே, காவலும் உரிமையும் ஒன்று ஏற மற்றது தாழும் தராசுத் தட்டுகள் எனக் கொள்வது பிழையான தொடக்கமாகும். அறியாதாரையும் காக்கும் இயல்புநிலை, அரிதாகவும் தெளிவாகவும் எழும் வினா, நிரலுக்கு எட்டாததும் உரிமையாளருக்கு எட்டுவதுமான திறப்பு ஆகிய மூன்றும் பொருந்திய வடிவமைப்பில் ஒன்று மற்றதற்கு அரணாகும். ஒரு பாதுகாப்பு முறையை மதிப்பிடப் புகுவோர், அது எத்தனை வாயில்களை அடைக்கிறது என்பதோடு அமையாது, அடைத்தபின் திறப்பை எவர் கையிற் கொடுக்கிறது என்பதையும் கேட்டேயாதல் வேண்டும்.