15 நிமிடக் கெடு

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, மறு ஆண்டு ஈ-வே பில் வந்தது. அதிலிருந்து இளம்பிள்ளையில் சேலை வியாபாரத்துக்குத் தறியைப் போலவே லாகினும் தேவைப்படுகிறது. கணக்கெழுதுபவர்களுக்குப் பழகிப்போன எரிச்சல், பாதி வேலையில் செஷன் முடிந்துபோவது. ஜிஎஸ்டி தளத்தில் 15 நிமிடம் சும்மா இருந்தால் மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

கெடு வைத்ததில் நியாயம் உண்டு. லாகின் செய்ததும் சர்வர் ஓர் அடையாளக் குறி தருகிறது. ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் பிரவுசர் அதைக் காட்ட, சர்வர் நம்மைத் தெரிந்துகொள்கிறது. அந்தக் குறியை வேறொருவர் கைப்பற்றினால் சர்வருக்கு அவரும் நாமும் ஒன்றுதான். ஒரே கம்ப்யூட்டரில் நாலு பேர் கைவைக்கும் கடையில் குறிக்கு ஆயுள் குறைவாக இருப்பதே நல்லது.

குறை இருப்பது அளவுகோலில். தன்னிடம் வரும் கோரிக்கைகளை மட்டுமே சர்வர் எண்ணுகிறது. வாங்குபவரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து தெளிவில்லை என்று கணக்கர் ஈரோட்டுக்குப் போன் போடுகிறார். பில்லையும் சரக்கையும் ஒத்துப் பார்க்கிறார். அத்தனை நேரமும் சர்வர் கணக்கில் அவர் சும்மா இருக்கிறார். திறந்து கிடக்கும் திரையில் அந்நியர் ஒருவர் கிளிக் செய்துகொண்டே இருந்தாலோ, கெடு அவருக்காக நீண்டுகொண்டே போகும்.

எத்தனை நிமிடம் என்பதிலும் ஒழுங்கில்லை. தளங்களை இயக்கும் மென்பொருள்களில், யாரும் மாற்றாவிட்டால், டாம்கேட்டில் 30 நிமிடம், பிஎச்பியில் 24 நிமிடம், ஜாங்கோவில் இரண்டு வாரம். அப்படியே விட்டுவிடும் தளத்தில், ஆபத்தை எடைபோட்டு யாரும் கெடு வைக்கவில்லை என்றே பொருள். மிகவும் குறைத்தாலும் வினைதான்: அலுத்துப்போனவர் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுவார்.

அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, நடுத்தரப் பாதுகாப்புக்கு இரண்டு கெடு சொன்னது: சும்மா இருந்தால் 30 நிமிடம்; ஓயாமல் வேலை செய்தாலும் 12 மணி நேரம். அந்நியரின் கிளிக்குக்கு இரண்டாவது கெடு கடிவாளம் போடுகிறது. கணக்கரின் உழைப்பைக் காப்பாற்ற அது போதாது. முடியப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்து, நீட்டிக்க வழிவிட வேண்டும்; நிரப்பியதைத் தானாகவே வரைவாகச் சேமிக்க வேண்டும். 15 நிமிடம் இருக்கட்டும். திரும்ப லாகின் செய்பவர் விட்ட வரியிலிருந்து தொடர முடிந்தால் அந்தக் கெடுவை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.