ஆட்டுக்குத் தடை, ஆனைக்கு முகாம்

விலங்கு நலம், விலங்கு உரிமை என்று இரண்டு பேச்சு இருக்கிறது. கட்டி வை, ஆனால் வலிக்காமல் வை என்பது நலம். கட்டுவதற்கே உனக்கு அதிகாரம் கிடையாது என்பது உரிமை. அமெரிக்கத் தத்துவவாதி டாம் ரீகன் 1983-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். நமக்கு இந்த வித்தியாசம் புதுசில்லை. 1932-ல் தொடங்கிய ஹரிஜன சேவக் சங்கம் கொடுக்க வந்தது நலம், அம்பேத்கர் கேட்டது உரிமை. (எங்களை விலங்கோடு ஒப்பிடுகிறாயா என்று தோழர்கள் கோபப்பட வேண்டாம். மாடு குடித்த மகாத் குளத்துத் தண்ணியை மனுசன் குடிக்க 1927-ல் போராட வேண்டியிருந்தது. ஒப்பிட்டவன் நானில்லை.)

இந்தக் கண்ணோடு திருச்சியைப் பார்ப்போம். 1950-ல் போட்ட ஆடு கோழி பலித் தடைச் சட்டம் ஐம்பது வருசம் தூங்கியது. 2003-ல் ஜெயலலிதா அரசு அதைத் தட்டி எழுப்பியது. புத்தூர் குழுமாயி அம்மனுக்குக் கிடா நேர்ந்துகொண்ட சனமெல்லாம் ஒரே நாளில் குற்றவாளி. அதே அரசு அதே வருசம் கோயில் ஆனைகளை முதுமலைக்குப் புத்துணர்வு முகாமுக்கு அனுப்பியது. "கிடா வெட்டுனா பாவம், ஆனையை ஆயுசுக்கும் சங்கிலியில கட்டுனா புண்ணியமாடா?" என்றாள் எங்கம்மா. நலவாதத்தின் மீது இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை. காவிரித் தண்ணியைக் குடத்தில் சுமந்த ஸ்ரீரங்கத்து ஆனைக்கு ஆண்டாள் என்று பெயர், குளிக்கத் தொட்டி. சங்கிலி மட்டும் ஆகமம்போல அசையாமல் கிடக்கும். சிறுதெய்வத்துக்குப் போலீஸ், பெருந்தெய்வத்துக்கு லாரி வாடகை.

2004-ல் சட்டம் ரத்தானது. ஆட்டைக் கேட்டு அல்ல, ஓட்டை எண்ணி. வதைபடாமல் சாக ஆட்டுக்கும் நியாயம் உண்டுதான். அதை நம்ம சனம் தமக்குள்ளே பேசணும்.

ரீகனிடம் எனக்குள்ள சண்டை வேறு. கொள்ளிடம் தாண்டினால் சமயபுரம். முதுமலையில் குட்டியாகக் கிடைத்த மசினியை அந்தக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். 2018 மே மாதம் கோயிலுக்குள்ளேயே தன் பாகனைக் கொன்றது. திரும்ப முதுமலை தெப்பக்காட்டு முகாமுக்கே கொண்டுபோனார்கள். 2023 ஏப்ரலில் அங்கேயும் ஒரு பாகன் செத்தார். ஆனையைக் கொடுத்தவர் சாகவில்லை, வாங்கிக்கொண்ட நிர்வாகமும் சாகவில்லை. சங்கிலியின் மறுமுனையில் கூலிக்கு நின்றவன்தான் செத்தான். ரீகனின் புத்தகத்தில் ஆனை நிற்கும் இடம் இருக்கிறது, இவன் நிற்கும் இடம் இல்லை. 2016-ல் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக அடிபட்டவர்களும் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

2023-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில்களும் தனியாரும் இனிமேல் ஆனை வாங்கக் கூடாது என்றது. அதை வரவேற்கிறேன். இருக்கிற ஆனைகளைக் கோயிலிலிருந்து எடுத்துவிடலாம்; இதே திருச்சி எம்.ஆர்.பாளையத்தில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. பாகனுக்கு எங்கே மறுவாழ்வு மையம் என்று விலங்கு உரிமைத் தோழர்கள் எழுதட்டும், அடுத்த இதழில் போடலாம்.