ஐந்து ஏரிகளும் ஒரு வர்ண ஏணியும்

கோவில்பதாகை ஏரிக்கரைக்கு மாலை நடைக்காக வரும் நண்பரொருவர், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் இருப்பைக் கோடுகளாக வரைந்து காட்டி, கோடுகளின் வர்ணங்களைத் தாம் தேரவில்லையென்றும், 'விரிடிஸ்' என்னும் வர்ணத்தொடரிலிருந்து (கலர்மேப்) சம இடைவெளியில் கணினியே எடுத்துக் கொடுத்ததென்றும், ஆதலால் தம் விருப்புவெறுப்புக்கு அதில் இடமேயில்லையென்றும் பெருமிதத்தோடு சொன்னார். இன்று பலரும் இவ்வாறே சொல்வதால், இதனைப் பரிசீலிப்பது உசிதம்.

விரிடிஸின் சிறப்பை மறுப்பதற்கில்லை. பழைய 'ஜெட்' என்னும் வானவில் வர்ணத்தொடரைப் போல் இல்லாத படிகளைக் காட்டி ஏமாற்றாமல், கரும் ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியுமளவும் ஒளி சீராக ஏறுவது அதன் குணம். ஒரே ஏரியின் பத்து ஆண்டு இருப்பைப் பத்துக் கோடுகளாக வரைந்தால், காலத்துக்கு வரிசை உண்டாகையால் வர்ண வரிசையும் பொருந்தும்.

ஆனால் ஏரிகளுக்குள் என்ன வரிசை? நண்பரின் படத்தில் இருந்தது வெறும் அகரவரிசை: செம்பரம்பாக்கம் ஊதா, சோழவரம் நீலம், புழல் நீலப்பச்சை, பூண்டி பச்சை, வீராணம் மஞ்சள். அடுத்தடுத்த வர்ணங்களைக் கண்டால் அடுத்தடுத்த தன்மையை ஊகிப்பது மனத்தின் இயல்பாகையால், 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கமும் 1,081 மட்டுமே கொள்ளும் சோழவரமும் உடன்பிறந்தவைபோல் நிற்க, 3,300 கொள்ளும் புழல் தள்ளிப்போய்விடுகிறது. எழுத்துக்களின் அடைவு இங்கே நீரின் தாரதம்மியமாக வேஷம் போடுகிறது.

இதனினும் விபரீதம் ஒன்றுண்டு. 2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தை ஆறாவதாகச் சேர்த்தவுடன், 'க' முதலில் வருவதால் ஊதா அதற்குப் போக, நேற்றுவரை ஊதாவாயிருந்த செம்பரம்பாக்கம் நீலமாகிறது. இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஒரே வர்ணத்தில் இரண்டு ஏரிகளைக் கண்டு மயங்குகிறார். புதிதாக ஒருவர் குடிவந்ததற்காகத் தெருவிலுள்ள பழைய வீடுகளின் இலக்கங்களையும் மாற்றியெழுதும் ஊர் எங்கேனும் உண்டா?

விரிடிஸைப் படங்களுக்கு இயல்பான வர்ணத்தொடராக ஏற்று 2017இல் வெளிவந்த மேட்பிளாட்லிப் என்னும் வரைபட மென்பொருளின் 2.0 பதிப்பே, கோடுகளுக்கு அதனை வழங்காமல், தனித்தனியே இனங்காணத்தக்க பத்து வர்ணங்களை வைத்தது என்பதை நண்பர்கள் ஏனோ நினைப்பதில்லை. கணினி தேர்ந்ததென்பதும் பிரமையே. எதைத் தேர வேண்டுமென்னும் பொறுப்பை அதன் தலையில் கட்டியதுதான் நடந்தது.

வீராணத்துக்குக் கிடைத்த மஞ்சளை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மெல்லிய மஞ்சள் கோடு வெள்ளைத்தாளில் தெரிவதில்லை. ஜெராக்ஸ் எடுத்தால் அடியோடு மறைகிறது. 2019 ஜூனில் நகரைச் சூழ்ந்த நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது, குழாய் வழியே நீர் அனுப்பிக்கொண்டிருந்தது வீராணம். அடிமட்டத்தில் கிடந்த நான்கு கோடுகளும் பளிச்சென்று தெரிய, தண்ணீர் இருந்த ஒரு கோடு மட்டும் நண்பரின் படத்தில் காணோம்.

ஏரிக்கொன்றாக வர்ணத்தை நிலைபெறச் செய்து, கோட்டின் நுனியிலேயே பெயரை எழுதச் சொன்னேன். அது அழகைக் கெடுக்குமென்றார் நண்பர். கையிலிருந்த பிரதியில் வீராணத்தை விரல்வைத்துக் காட்டச் சொன்னேன். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.